மெஷின் கோளாறா, லைன் கோளாறா? பிளக்கில் செருகும் மீட்டர் ஒன்றைப் பற்றி

எனர்ஜி மீட்டர், பவர் மீட்டர், வாட் மீட்டர் என்று வாய்க்கு வந்த பெயரில் இதை விற்கிறார்கள். பெரிய லேப்டாப் சார்ஜர் அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பின்பக்கம் மூன்று பின், முன்பக்கம் ஒரு சாக்கெட், அதற்கு மேலே ஒரு சின்னத் திரை. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் இதைச் செருகி, இதில் ஃப்ரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ செருக வேண்டும். அந்த நேரத்தில் எத்தனை வோல்ட் வருகிறது, அந்தப் பொருள் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எத்தனை வாட்ஸ் என்று எண்ணாகக் காட்டிவிடும். அட்டைப் பெட்டியில் என்னவோ கரண்ட் பில்லைக் குறைக்க உதவும் என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதற்காக வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நான் வாங்கியது எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் இரண்டு பேருக்கு நடுவே பஞ்சாயத்து பண்ணுவதற்கு.

ஒருவர் வாஷிங் மெஷின் மெக்கானிக், இன்னொருவர் எலக்ட்ரீஷியன். எங்கள் மெஷின் வெந்நீரில் துவைக்கும்போது பாதியில் நின்றுவிடும். முகப்பு விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரியும், துணி சோப்புத் தண்ணீரோடு உள்ளேயே கிடக்கும். மெக்கானிக் வந்தால், "மேடம், உங்க வீட்ல கரண்ட் சரியில்ல, அதான் போர்டு அடி வாங்குது" என்பார். எலக்ட்ரீஷியன் வந்தால் டெஸ்டரைச் சாக்கெட்டில் விட்டு, "பாருங்கக்கா, எவ்ளோ நல்லா எரியுது. லைன் பக்கா. மெஷினைப் பாக்கச் சொல்லுங்க" என்பார். இதற்கு நடுவில் மெஷினுக்குள் இருக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டும் மாற்றியாகிவிட்டது. மாமியார் மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தார்: "அதுக்கு மனசு வந்தா துவைக்கும், விடு."

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். டாலி ஆகாத ஒன்றை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போக எனக்கு வராது. அந்த இரண்டு பேரும் கையில் ஒரு எண்கூட இல்லாமல் பேசினார்கள், அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

டெஸ்டர் எரிந்ததே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. டெஸ்டருக்குள் இருப்பது ஒரு குட்டி நியான் பல்பும் பெரிய ரெசிஸ்டரும்தான். நியான் எரிய நூறு வோல்ட்டுக்குள்ளேயே போதும். வருவது 150 ஆனாலும் 230 ஆனாலும் அது 'எரியுது' என்று ஒரே பதிலைத்தான் சொல்லும். பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டெஸ்டர் வழியே ஓடுவது ஒன்றுமில்லாத அளவு கரண்ட். லூஸ் காண்டாக்ட் என்பது கரண்ட் ஓடாத வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஜாயின்ட் கருகிப்போய் நூலிழையில் தொட்டுக்கொண்டிருந்தாலும், லோடு இல்லாதபோது முழு வோல்டேஜும் சாக்கெட்டில் வந்து நிற்கும். எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும் பொருளைப் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

இந்தப் பெட்டி அங்கேதான் உதவுகிறது. லோடு இல்லாமல் ஒரு வோல்டேஜ், லோடு போட்டு ஒரு வோல்டேஜ், இரண்டையும் குறித்துக்கொண்டு கழித்துப் பார்க்க வேண்டும். திரையில் காட்டும் மற்றதெல்லாம் எனக்கு உபரிதான்.

லோடுக்கு நான் எடுத்தது 2000 வாட்ஸ் எலக்ட்ரிக் கெட்டில். வெந்நீருக்கான மெஷின்களில் இருக்கும் ஹீட்டரும் பெரும்பாலும் இதே அளவுதான். அதோடு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகலாம், மெஷினைத் தூக்க முடியாது. தண்ணீரை ஊற்றி, மீட்டரைச் செருகி, காலி வோல்டேஜைக் குறித்துக்கொண்டு, கெட்டிலைப் போட்டு ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தேன். சமையலறையில் காலியாக 232, கெட்டில் ஓடும்போது 227. படுக்கையறையில் 232, அப்புறம் 225. மெஷின் இருக்கும் பால்கனி சாக்கெட்டில் காலியாக அதே 232. கெட்டிலைப் போட்டதும் 218. சரி, 14 வோல்ட் இறங்குகிறதே என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே எண் ஆட ஆரம்பித்தது: 217, 204, 218, 198, 216. மற்ற அறைகளில் எண் கல் மாதிரி நின்றது, இங்கே மட்டும் ஆட்டம்.

நேராக இறங்கி அப்படியே நிற்கும் எண் வேறு, ஆடும் எண் வேறு. ஒயர் நீளமாக இருந்தாலோ மெலிதாக இருந்தாலோ வோல்டேஜ் இறங்கும், ஆனால் இறங்கிய இடத்தில் நிற்கும். எண் ஆடினால் எங்கேயோ ஒரு ஜாயின்ட் பிடித்தும் விட்டும் விளையாடுகிறது என்று பொருள். 218 வோல்ட் எந்த மெஷினையும் ஒன்றும் செய்யாது. அது 198க்குப் போய்ப் போய் வருவதுதான் வினை. என் மீட்டர் வினாடிக்கு ஒரு முறைதான் எண் மாற்றும். அந்த ஒரு வினாடிக்குள் வோல்டேஜ் இன்னும் எவ்வளவு கீழே போய் வந்ததோ, போர்டு ஒரு நொடி செத்துப் பிழைத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க முடியும்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன், தொழில் புத்தி போகாது. நல்ல சாக்கெட்டுகளில் ஐந்து முதல் ஏழு, சராசரியாக ஆறு வோல்ட் இறங்குகிறது, அது ஒயரின் இயல்பு. பால்கனியில் இறங்கிய 14இல் அதிகப்படி எட்டு வோல்ட். ஓடும் கரண்ட் 8.2 ஆம்பியர். பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட்ஸ். அந்தச் சூடு கெட்டிலுக்குப் போகவில்லை, சுவருக்குள் எங்கேயோ ஒரு ஜாயின்ட்டில் உட்கார்ந்து எரிகிறது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அதை மூடியிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தது மாதிரி.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி எலக்ட்ரீஷியனிடம் நீட்டினேன். அவர் டெஸ்டரைப் பையிலேயே விட்டுவிட்டு, மெயினை ஆஃப் செய்துவிட்டு, சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். அங்கே எல்லாம் சுத்தம். மேலே சீலிங் ஓரம் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். நியூட்ரல் ஒயர் இரண்டை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடம். டேப் உருகி ஓடி, கறுப்பு இன்சுலேஷன் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்பு செம்பு நிறத்திலேயே இல்லை. கருகியதை வெட்டி, புதிதாகத் தோல் சீவி, ஸ்க்ரூ கனெக்டர் போட்டு முறுக்கினார். மறுபடி கெட்டில்: காலியாக 232, லோடில் 226, ஆட்டம் இல்லை. "பேஸைத்தாங்கா எல்லாரும் பாப்போம், நியூட்ரல யாரு பாக்குறா" என்றார். மாற்றிய போர்டைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. சோதிக்கும்போது சாக்கெட்டிலிருந்து சடசடவென்று சத்தம் வந்தாலோ, மீன் நாற்றம் மாதிரியோ பிளாஸ்டிக் கருகுவது மாதிரியோ வாடை வந்தாலோ எண்ணை எழுதிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் அதிக கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுவிட்ச் போர்டைத் திறப்பது, ஜங்ஷன் பாக்ஸைத் திறப்பது எல்லாம் தெரிந்தவர் வேலை. இந்தப் பெட்டியின் சௌகரியமே எதையும் திறக்காமல் சோதிக்கலாம் என்பதுதான்.

இனி எண்களை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம். 230 வோல்ட் என்று வைத்திருக்கும் நாடுகளில் பத்து சதவீதம் மேலே கீழே போவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், அதாவது 207 முதல் 253 வரை. அதற்குள் இருந்தால் எந்தப் பொருளும் ஓடியாக வேண்டும். லோடு போட்டதும் ஒரே ஒரு சாக்கெட்டில் மட்டும் அதிகமாக இறங்கினால் கோளாறு அந்த சாக்கெட்டிலோ அதற்கு வரும் ஒயரிலோ இருக்கிறது. எந்த அறையில் கெட்டிலைப் போட்டாலும் வீடு முழுக்க விளக்கு மங்குகிறது என்றால் கோளாறு மெயின் பக்கம், அல்லது அதற்கும் வெளியே. லோடே இல்லாமல் எல்லா சாக்கெட்டிலும் 190 என்றால் வீட்டில் ஒன்றுமில்லை, சப்ளை தருகிறவர்களைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது நேரத்தோடு நாலைந்து போட்டோ கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி போகும். 'லோ வோல்டேஜ் சார்' என்பதற்கும் 'இரவு ஒன்பது மணிக்கு 184' என்பதற்கும் நிறைய வித்தியாசம்.

பொருளுக்குப் பொருள் பாதிப்பும் மாறும். மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தின்னும், அவற்றுக்குக் கவலையே இல்லை. ஹீட்டர் வகையறா கெடாது, ஆனால் சோம்பேறியாகிவிடும். வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் சூடு பத்து சதவீதமா குறைகிறது? இல்லை, பத்தொன்பது சதவீதம் குறைகிறது, ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தகுந்தபடிதான் வாட்ஸ் மாறும். 2000 வாட்ஸ் கெட்டில் 207 வோல்ட்டில் 1620 வாட்ஸ்தான். 'ஹீட்டர் காயில் வீக் ஆயிடுச்சு' என்று மாற்றச் சொன்னால், முதலில் வோல்டேஜைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லலாம்.

உண்மையில் அடிபடுவது மோட்டாரும் கம்ப்ரஸரும்தான். சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் விழுந்தால் கிளம்ப முடியாமல் திணறி, சூடாகி, 'டிக்' என்று ஓவர்லோடு கட் ஆகும். சில நிமிஷம் ஆறி மறுபடி முயலும், மறுபடி டிக். எங்கள் பழைய ஃப்ரிட்ஜில் இந்த டிக் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது இந்தப் பெட்டியைத்தான் நடுவில் செருகினேன். கம்ப்ரஸர் கிளம்ப முயலும்போது வாட்ஸ் ஆயிரத்துக்கு மேலே ஏறியது, டிக் சத்தத்தோடு விழுந்தது. ஆனால் வோல்டேஜ் 225க்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படியென்றால் லைன் மேல் குற்றமில்லை, ஃப்ரிட்ஜுக்குள்தான் ஏதோ. மெக்கானிக் வந்து, கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலேயை மாற்றினார், சரியாகிவிட்டது. அந்தத் தடவை லைன்மேல் பழி போட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃப்ரிட்ஜ், ஏசியெல்லாம் மெதுவாக வேகமெடுக்கும், அவற்றில் இந்தத் துள்ளலைத் தேட வேண்டாம்.

ஸ்டெபிலைசர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் வாஷிங் மெஷினுக்கு மெக்கானிக் சொன்ன முதல் வைத்தியம் அதுதான். வெளியிலிருந்தே குறைவாக வந்தால் ஸ்டெபிலைசர் சரியான மருந்து. வீட்டுக்குள் ஜாயின்ட் கருகி வோல்டேஜ் இறங்கும்போது அது மருந்தில்லை, நோயை வளர்ப்பது. எப்படியென்றால், கிடைக்கும் 200 வோல்ட்டை அது 230 ஆக்கித் தர வேண்டும். அந்தக் கூடுதலை எங்கிருந்து எடுக்கும்? அதே ஒயரிலிருந்து இன்னும் அதிகக் கரண்ட் இழுத்துத்தான். 8.7 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 10 ஓடும். கருகிக்கொண்டிருக்கும் ஜாயின்ட் இன்னும் வேகமாகக் கருகும், மெஷின் நன்றாக ஓடுவதால் நமக்குத் தெரியவும் தெரியாது. ஸ்டெபிலைசர் வாங்கும் முன் ஒரு தடவையாவது கெட்டில் சோதனை செய்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயருக்கும் இதே சோதனை. சாதாரணமாகக் கிடைக்கும் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பத்து மீட்டர் என்றால், போக வரச் சேர்த்து அரை ஓம் எதிர்ப்பு. கெட்டிலைப் போட்டால் நாலைந்து வோல்ட் அதிலேயே போகும், ஒயர் முழுக்க 37 வாட்ஸ் சூடு பரவும். விரித்துப் போட்டிருந்தால் காற்றில் ஆறிவிடும். அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு மெஷினுக்குப் பின்னால் தள்ளிவைத்தால் ஆறாது. சுருட்டிவைப்பது எங்கள் வீட்டிலும் பழக்கம்தான், இப்போது இல்லை.

எண் இறங்குவதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஏறுவதுதான் ஆபத்து. ஓர் அறையில் பெரிய லோடைப் போட்டதும் இன்னோர் அறையில் விளக்கு பளீரென்று பிரகாசமானால், அல்லது மீட்டரில் எண் 230லிருந்து 260, 280 என்று போனால், யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். மூன்று பேஸ் வரும் வீட்டில் வெளி நியூட்ரல் விட்டுப்போனால் இப்படி நடக்கும். நியூட்ரல் பிடிப்பு இல்லாததால் ஒரு பேஸில் வோல்டேஜ் விழும், இன்னொன்றில் 400ஐ நோக்கி ஏறும். டிவி, ரவுட்டர், எல்இடி பல்ப் என்று ஒரே நாளில் நாலு பொருள் போகும் வீடுகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான். என் மீட்டரின் முதுகில் 250 வோல்ட் வரை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகையால் ஏற்றத்தைக் கண்டுபிடிக்க இதைச் செருகிவைத்துக் காத்திருப்பது புத்திசாலித்தனமில்லை.

இந்தப் பெட்டிக்குத் தெரியாத விஷயமும் நிறைய. எர்த் பற்றி இதற்கு ஒன்றுமே தெரியாது. கம்ப்யூட்டர் பெட்டியையோ மெஷின் பாடியையோ தொட்டால் சுரீரென்று இருக்கிறது என்றால் இந்தத் திரையில் எதுவும் தெரியாது. அது பெரும்பாலும் எர்த் இல்லாத சாக்கெட். உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் பாடியைப் பாதி வோல்டேஜில், 115 பக்கம், மிதக்கவிடும். கரண்ட் துளிதான், எர்த் இருந்தால் ஓசையில்லாமல் அதில் இறங்கிவிடும். இதையே பழகிப்போய் 'கொஞ்சம் ஷாக் அடிக்கும், செருப்புப் போட்டுக்கோ' என்று சொல்லிக்கொண்டிருப்பது தப்பு. நாளைக்கு ஹீட்டர் காயில் உடைந்து நேராக பேஸே பாடியில் வந்து நின்றாலும் காப்பாற்ற அங்கே எர்த் இல்லையே.

அதற்கு மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் என்று தனியாக விற்கிறார்கள், அதையும் வாங்கினேன். எர்த் விட்டுப்போனதா, பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று விளக்கு எரியும் வரிசையை வைத்துச் சொல்லிவிடும். நல்ல பொருள். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது, இரண்டும் ஒரே மாதிரிதான் அதன் கண்ணுக்கு. யாராவது சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த்துக்கு இழுத்துக் கட்டி ஏமாற்றியிருந்தாலும் 'சரி' என்றுதான் காட்டும்.

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகும் வீடுகளுக்கும் இந்த மீட்டர் உதவாது. அது விழுவது வழக்கமாக 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு. என் பெட்டியில் அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அங்கே பழைய வழிதான்: எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது. கழற்றுவது என்றால் பிளக்கையே உருவ வேண்டும். சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாது, ஏனென்றால் பெரும்பாலான சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். ஒரு பொருளுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அது ஆஃபில் இருக்கும்போதே வேறு எதையோ போட்டதற்கு ஆர்சிசிபி விழும். அப்போது பழி அந்த 'வேறு எதையோ' மேல் போகும். பல வீடுகளில் பாவம் இஸ்திரிப் பெட்டிதான் இப்படி மாட்டிக்கொள்கிறது.

இரண்டு முனைகளால் தொட்டு வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இது எதற்கு என்பார்கள். எங்கள் வீட்டில் மல்டிமீட்டரும் உண்டு, தம்பி விட்டுப்போனது. வீட்டில் அதை வைத்து லோடு சோதனை செய்வது பெரும் தொல்லை. கெட்டிலைச் செருகிய சாக்கெட்டில் முனைகளை எங்கே வைப்பது? பக்கத்தில் இன்னொரு சாக்கெட் இருந்தால்தான் உண்டு. மல்டிமீட்டரின் ஒயர் தவறுதலாக ஆம்பியர் அளக்கும் துளையில் செருகியிருக்கும்போது முனைகளைச் சாக்கெட்டில் விட்டால் நேரடி ஷார்ட்தான். தரமான மீட்டரில் உள்ளே ஃப்யூஸ் காப்பாற்றும், மலிவானதில் கைக்கு உத்தரவாதமில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு: ஆஃப் செய்த ஒயரில்கூடப் பக்கத்து ஒயரின் தூண்டலால் 60, 80 வோல்ட் என்று பொய்க் கணக்குக் காட்டும். மல்டிமீட்டர் தெரிந்தவர் கையில் பொக்கிஷம், அதில் சந்தேகமில்லை. ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் அப்படித்தான். அதை முழு ஒயரைச் சுற்றி மாட்டினால் போகும் கரண்ட்டும் வரும் கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துச் சைபர் காட்டும், ஒற்றை ஒயரைப் பிரித்து மாட்ட வேண்டும். பிளக் மீட்டரில் இந்த வம்பெல்லாம் இல்லை. மாமியாரே செருகி எண் படிக்கிறார்.

சரி, குறைகள். முதல் குறை, இந்தப் பெட்டி பக்கத்து சாக்கெட்டை மூடிக்கொண்டு உட்காரும் அளவுக்கு அகலம். இரண்டு சாக்கெட் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒன்று காலி. அடுத்தது எனக்கு நிஜமாகவே கோபம் வரும் குறை: திரையில் வெளிச்சம் கிடையாது. சாக்கெட் இருப்பதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மெஷினுக்குப் பின்னால். எண்ணைப் படிக்கத் தரையில் படுக்க வேண்டும், அல்லது போனை நீட்டி ஃபிளாஷ் போட்டு வீடியோ எடுக்க வேண்டும். நான் வீடியோதான் எடுக்கிறேன், அதில் ஆடும் எண்ணும் பதிவாகிவிடுகிறது என்பதால் பிறகு அதுவே வசதியாகிவிட்டது.

குறைந்த வாட்ஸில் இதை நம்பாதீர்கள். சும்மா செருகிவைத்த மொபைல் சார்ஜருக்குச் சைபர் காட்டுகிறது, டிவி ஸ்டாண்ட்பையில் காட்டும் எண்ணும் ஒரு குத்துமதிப்புதான். வோல்டேஜ் மட்டும் மல்டிமீட்டரோடு ஒப்பிட்டதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமில்லை. நமக்கு வேண்டியது கழித்துவரும் வித்தியாசம்தான், ஆகையால் அதுவே போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது அளக்காதீர்கள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களில் சாதாரண மீட்டர்கள் தப்பான எண் காட்டும், இன்வெர்ட்டரே கெட்டுவிட்டது என்று பயந்துபோவீர்கள்.

ஏசியோடு இதை நிரந்தரமாக மாட்டிவைப்பதும் வேண்டாம். முழு லோடில் அரைமணி நேரம் ஓடியதும் என் பெட்டியின் முதுகு நன்றாகவே சுட்டது. ஒவ்வொரு பிளக்கும் சாக்கெட்டும் கூடுதலாக ஒரு ஜாயின்ட்தானே. லூஸ் காண்டாக்ட்டைக் கண்டுபிடிக்க வாங்கிய சாமானே இன்னொரு லூஸ் காண்டாக்ட் ஆகிவிடக் கூடாது. அளந்ததும் கழற்றிவிடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். மிகக் குறைந்த, மிக அதிக வோல்டேஜை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள், என்னுடையதில் இல்லை. திரையில் வெளிச்சம் இருக்கட்டும். அப்புறம், பின்பக்கத்து எர்த் பின்னும் முன்பக்கத்து எர்த் துளையும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெட்டியை எதிலும் செருகாமல், கையில் வைத்துத்தான் இந்தச் சோதனை. சில மலிவான பெட்டிகளில் அந்த எர்த் பின் வெறும் பிளாஸ்டிக், அல்லது உள்ளே எங்கும் போகாத உலோகத் துண்டு. அப்படி இருந்தால் மெஷினைச் செருகிப் பார்க்கவே வேண்டாம், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.